வீட்டு கராஜில் மசில் கார்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லாமே 2015-க்குப் பிறகு வந்த மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் என்ற மசில் கார்களை (பெரிய இன்ஜின் வைத்த வேகமான அமெரிக்கக் கார்கள்) பற்றியவை, அமெரிக்காவில் ஓடுபவை.

கேள்வி: 2016 மஸ்டாங் ஜிடி, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கையில் 1,500 டாலர் இருக்கிறது. கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாய்) போடலாமா?

போடலாம், ஆனால் அவசரம் இல்லை. அந்த 5.0 லிட்டர் இன்ஜினில் ஏற்கெனவே 435 குதிரைத்திறன் இருக்கிறது. முதலில் வண்டியை நிறுத்தும் டயருக்கும் பிரேக்குக்கும் செலவு செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1716 என்றிருந்தால் 2016-ம் ஆண்டு 17-வது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். மலைச்சரிவில் பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். உங்கள் வண்டியில் கிளட்சுக்கும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, அதனால் ஒரே வேலையில் இரண்டுக்கும் பலன்.

இன்டேக் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார், கம்பெனிக் குழாயின் விட்டத்தை வைத்தே கணக்குப் போடுகிறது. குழாய் பெரிதானால் கணக்கு தப்பும். வருகிற காற்றுக்குப் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். பெட்டியில் 'ட்யூன் தேவை' என்று இருந்தால் ட்யூன் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்துவது) இல்லாமல் ஸ்டார்ட் கூடச் செய்யாதீர்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அந்தப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்மாக் (புகை) சோதனையில் மாட்டும்.

கேள்வி: சேலஞ்சர் ஆர்/டி, 5.7 லிட்டர் ஹெமி இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. லிஃப்டர் (வால்வைத் தூக்கும் பாகம்) போய்விட்டது, இன்ஜினையே இறக்க வேண்டும் என்கிறார்கள்.

இறக்கச் சம்மதிக்காதீர்கள், முதலில் ஒரு டார்ச் எடுங்கள். ஹெமியின் சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதில் மாட்டியிருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. வருடக்கணக்கில் அந்த இழுபறியைத் தாங்கும் போல்ட் ஒருநாள் அறுந்துவிடும். பெரும்பாலும் பின்கோடியில் இருக்கும் போல்ட். குளிரில் அந்த இடுக்கு வழியாகப் புகை தட்டித் தட்டி வெளியேறும். சூடாகி உலோகம் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தமும் நிற்கும். நீங்கள் சொல்வதும் இதேதான்.

இன்ஜின் ஆறிய பிறகு மேனிஃபோல்டின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். போல்ட் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி, சுற்றிலும் கரி படிந்திருந்தால் அதுதான் ஆள். தலையில்லாத போல்டைத் துளை போட்டு எடுக்கப் பார்க்க வேண்டாம், டிரில் வழுக்கினால் அலுமினியம் போய்விடும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டோடு மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். வெல்டிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுங்கள்.

லிஃப்டர் கதை வேறு. அதன் உருளை சுழலாமல் நின்றுவிட்டால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டை அரைத்துத் தின்றுவிடும். அந்தச் சத்தம் சூடானாலும் போகாது, கூடவே மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) வரும். சந்தேகம் இருந்தால் அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மின்னும் துகள் கிடந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: மஸ்டாங்கைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை நானே மாட்டினேன். ஆறே மாதத்தில் ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

சரக்கில் குறை இருக்காது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டுகளை முழுதாக இறுக்கியிருப்பீர்கள். புஷ்ஷின் ரப்பர், நடுவிலுள்ள இரும்புக் குழலோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நின்றவுடன் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நிற்கும் நேரமெல்லாம் முறுக்கியே இருக்கும். போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தின் பாரத்தை ராம்ப் மேல் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முடியுங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கமாரோ எஸ்எஸ்ஸுக்கு ஆயில் கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்துவைக்கும் டப்பா) வேண்டுமா?

அதன் 6.2 லிட்டர் எல்டி1 இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வை பெட்ரோல் கழுவுவதே இல்லை, எனவே ஆயில் ஆவி அங்கே கரியாகப் படியும். கேட்ச் கேன் அதைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அடிக்கடி காலி செய்யுங்கள். கடும் குளிர் உள்ள இடங்களில் அதில் சேரும் தண்ணீர் உறையும். 2018-க்குப் பிந்தைய மஸ்டாங் 5.0-வில் சிலிண்டருக்குள் பாய்ச்சுவது, வால்வுக்கு முன்னால் பாய்ச்சுவது என இரண்டு வகை இன்ஜெக்டரும் இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

கேள்வி: சத்தத்துக்காக கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) கழற்றலாமா?

வேண்டாம். மத்திய தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் மஃப்ளரையும் மாற்றினாலே வி8 இன்ஜின் நன்றாகப் பாடும்.

கேள்வி: சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டால் வாரன்டி மொத்தமும் போய்விடுமா?

1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, நீங்கள் போட்ட பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்டாமல் கம்பெனிக்காரர்கள் வாரன்டியை மறுக்க முடியாது. ஆனால் சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜினில் பிஸ்டன் உடைந்தால் அதைக் காட்டுவது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. மஸ்டாங் 5.0 என்றால் ஆயில் பம்ப் கியரையும் கையோடு மாற்றுங்கள். கம்பெனி கியர் உலோகப் பொடியை அழுத்திச் செய்தது. கூடுதல் பவரோடு ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் சுழலும் வேகத்தின் உச்ச வரம்பு) அடிக்கடி முட்டினால் உடையும், ஆயில் அழுத்தம் போய் இன்ஜினே போய்விடும்.

கேள்வி: மஸ்டாங் வீல் நட்டை எவ்வளவு இறுக்கலாம்?

150 பவுண்டு-அடி, அதாவது 204 நியூட்டன் மீட்டர். நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். 100 மைல் ஓட்டுவதற்குள் இன்னொரு முறை ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.