நாக்கடி மாத்திரையை ஒடிக்காதீர்கள்

"டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தான் என் தம்பி (24). மதுரையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது சுமை தூக்கும் வேலைக்குப் போகிறான். 'இதுவும் போதைதான், கல்லீரல் கெட்டுவிடும்' என்று கைப்பேசியில் பார்த்து, ஒரு வாரமாகப் பாதியாக ஒடித்துக் கொடுக்கிறேன். மலச்சிக்கல், பல் கூச்சம் வேறு. மதுரைக்கு அலைந்தால் அன்றைய கூலியும் போகிறது. நிறுத்திவிடலாமா?"
— பெயர் வேண்டாம், பேரையூர்

நிறுத்தக் கூடாது, அம்மா. நாளையே மருத்துவரைப் பார்த்து, ஒரு வாரம் பாதி கொடுத்ததைச் சொல்லுங்கள். இடையில் தம்பி பழைய வலி மாத்திரையைத் தொட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். உடலில் அது இருக்கும்போது இதைக் கொடுத்தால் வாந்தியும் நடுக்கமும் தூக்கிப் போடும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை பூப்ரினார்ஃபின். போதை ஏக்கத்தையும் உடல்வலியையும் அடக்கும். ஓரளவுக்கு மேல் கிறக்கம் தராது. உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூட்டை தூக்கிச் சம்பாதித்து வருகிற பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ பேசுவதை ஏன் நம்புகிறீர்கள்?

மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் உதவும். மாத்திரை கரைந்ததும் வாய் கொப்பளிக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம். கல்லீரலுக்கு நான் அஞ்சுவது பலர் மாற்றிப் போட்ட ஊசியை. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. மருந்தை நிறுத்தினால் ஏக்கம் திரும்பும். ஆனால் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் இருக்காது. முன்பு ஊசியாகப் போட்ட அதே அளவை ஒருநாள் போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்த மருந்திலும் அந்த ஆபத்து உண்டு. தட்டி எழுப்பியும் எழவில்லை, தொண்டையில் கரகரவென்று குறட்டை, உதடு நீலம், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எலுமிச்சைச் சாறு, மோர் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்.

கூலி போகிறது என்கிறீர்களே, மாத்திரையை ஒடிக்க வைத்தது பாதி அதுதான் என்று நினைக்கிறேன். வசதியான வீட்டுப் பையனுக்கு இதே மருந்து தனியார் மருத்துவரிடம் சத்தமில்லாமல் கிடைத்துவிடுகிறது. சுமை தூக்குகிறவனுக்கு மட்டும் பஸ், வரிசை, ஏளனப் பார்வை. இது அநியாயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் பாதிப்பையும் உள்ளடக்கியது. அரசு மருத்துவமனையில் பாகுபாடில்லாமல் சிகிச்சை பெறுவது உங்கள் தம்பியின் உரிமை. "நிலை சீராக இருக்கிறது, சில நாள் மருந்தைச் சேர்த்துத் தர முடியுமா? பக்கத்து அரசு மருத்துவமனையில் வாங்க வழி உண்டா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். இழுத்தடித்தால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது 14446 என்ற போதை மீட்பு இலவச எண்ணுக்குப் பேசுங்கள். பதில் வரும்வரை ஒருநாள் மருந்தும் தவறக் கூடாது.