அந்தப் பயிற்சியை மகளே முடிக்கட்டும்

கேள்வி: என் மகள் ஆகஸ்டில் முதுகலை படிக்க அமெரிக்கா போகிறாள். விசா, தடுப்பூசி, பெட்டி கட்டுவது என்று ஒரே அலைச்சல். இதற்கிடையில், வளாகப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காவிட்டால் மாணவர் கணக்கில் ‘ஹோல்டு’ (தடை) விழும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று மெயில் வந்துவிட்டது. பாலியல் வன்முறை, மது, சம்மதம் என்று என்னென்னவோ இருக்கிறதாம். அவளுக்குப் பதிலாக அவள் அண்ணனே உட்கார்ந்து முடித்துவிடலாமா மேடம்?
– ஒரு தந்தை

பதில்: வேண்டாம் சார். அவளுடைய லாகினில் இன்னொருவர் பயிற்சி முடிப்பது விதிமீறல் என்பது ஒரு பக்கம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

நான் பதினோரு ஆண்டுகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு பிப்ரவரியில், நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கூடப் படிக்கும் ஒருவன் அக்டோபரிலிருந்து விடாமல் பின்னாலேயே வருகிறான். வகுப்பு முடிந்து வந்தால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். நான்கு மாதமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. “புகார் என்று போனால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன் மேடம்” என்றாள். பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாயா என்று கேட்டேன். முடித்திருந்தாள், சத்தத்தை அணைத்துவிட்டு, சமைத்துக்கொண்டே. அதே பயிற்சியைத் திறந்து கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். பின்தொடர்தல் என்ற தலைப்பில் அவள் கதை அப்படியே இருந்தது. அடுத்த திரையில், அழைக்க வேண்டிய எண்கள். அந்தத் திரையிலிருந்து அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். 1986 ஏப்ரல் 5 அன்று, பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். கொன்றவனும் அங்கே படித்த மாணவன்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் மூடாதபடி யாரோ பீட்சா அட்டைப் பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள்; அவன் அந்த வழியாகவே உள்ளே நுழைந்தான். ஜீனின் பெற்றோர் ஓயாமல் போராடியதில் 1990-ல் சட்டம் வந்தது. வளாகக் குற்றங்களின் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். 2013-ல் வந்த திருத்தம், புதிய மாணவர்களுக்கும் புதிய ஊழியர்களுக்கும் தடுப்புப் பயிற்சி தர வேண்டும் என்றது. பயிற்சி தருவது கல்லூரியின் சட்டக் கடமை. முடிக்காதவர் கணக்கில் ஹோல்டு போடுவது அந்தந்தக் கல்லூரியின் சொந்த விதி.

மகள் அதில் குறிப்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: யாரிடம் சொன்னால் அது மேலே போகும், யாரிடம் சொன்னால் அங்கேயே நிற்கும். பேராசிரியரும் விடுதிப் பொறுப்பாளரும் பெரும்பாலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கவனிக்கும் ‘டைட்டில் நைன்’ அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். மனநல ஆலோசகர் அப்படியில்லை. அப்புறம் விசா. புகார் கொடுத்ததற்காக விசா போகும் என்று எந்த விதியும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உதவி கிடைக்கும் என்று கல்லூரி எழுத்தில் தர வேண்டிய பட்டியலில் விசா உதவியும் ஒன்று. போலீசுக்குப் போகாமலேயே வகுப்பையோ தங்கும் அறையையோ மாற்றித் தரும்படி கேட்கலாம். அந்தப் பெண் இதையெல்லாம் அக்டோபரிலேயே அறிந்திருந்தால் நான்கு மாதம் தனியாக நடுங்கியிருக்க மாட்டாள்.

ஹோல்டு விழுந்தால் பாடப் பதிவு தடைபடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் முழுநேர மாணவராகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதால் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம். மெயிலில் வரும் லிங்க்கைத் தட்டாமல் பல்கலைக்கழகப் போர்ட்டலுக்குள் போய்த் திறப்பது நல்லது. யாராவது பணம் கேட்டால் அது மோசடி என்றே நினையுங்கள். முடிந்தால், ஒரு மாலை அவள் பயிற்சி பார்க்கும்போது அந்த அறையில் சும்மா இருங்கள். கேட்க வேண்டும் என்று தோன்றினால் அவளே கேட்பாள்.

கேள்வி: வேதியியலில் பிஎச்.டி. முடித்து, போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கு வந்திருக்கிறேன். ஆறு ஆண்டு ஆய்வக அனுபவம் இருக்கிறது. மறுபடியும் ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி அவசியமா? பேராசிரியர் நாளைக்கே வேலையைத் தொடங்கச் சொல்கிறார்.
– ஓர் ஆய்வாளர்

பதில்: அவசியம் தம்பி. 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷேரி சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. ஆய்வகக் கோட் போடவில்லை, ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. அவசர ஷவர் இருந்தும் அதன் கீழே அவரை யாரும் கொண்டுபோகவில்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். அவரும் வேதியியல் பட்டதாரிதான். பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான பதிவு மட்டும் இல்லை. அவருடைய பேராசிரியர் மீதே குற்ற வழக்கு தொடரப்பட்டு, 2014-ல்தான் ஓர் உடன்பாட்டில் முடிந்தது.

உங்கள் அனுபவம் உங்கள் கைக்குத் தெரியும். புதிய அறையின் ஷவர் எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஷவரும் கண் கழுவும் குழாயும் பத்து விநாடிக்குள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே உங்கள் மேசையிலிருந்து அங்கே நடந்து பாருங்கள். பேராசிரியருக்கு ஒரு வரி மெயில் போடுங்கள்: “வியாழக்கிழமை பயிற்சி முடிகிறது, வெள்ளிக்கிழமை தொடங்குகிறேன்.”

கேள்வி: நான் மாணவி, பாடம் நடத்தும் உதவியாளரும்கூட. எனக்கு மாணவர் பயிற்சி ஒன்று, ஊழியர் பயிற்சி ஒன்று என்று இரண்டு வந்திருக்கிறது. ஒன்று போதாதா அம்மா?
– ஒரு மாணவி

பதில்: போதாதும்மா. முதலாவது உனக்கு ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்பதற்கு. இரண்டாவது, உன் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி உன்னிடம் வந்து நின்றால் என்ன செய்வது என்பதற்கு. ஊழியர் என்ற முறையில் நீ தெரிவிக்க வேண்டியவளாக இருக்கலாம். உன் கல்லூரி விதி என்ன என்று அந்தப் பயிற்சியில் இருக்கும். அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடு: “நீங்கள் சொல்வதை நான் மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும். யாருக்கும் தெரியாமல் பேச வேண்டுமானால் ஆலோசகர் இருக்கிறார். வாருங்கள், அந்த அறை வரை நானும் கூட வருகிறேன்.”