ஜெல் வைத்த உடனே வலி வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 26, தலைப்பிரசவம். இப்போது 38 வாரம் முடிந்திருக்கிறது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. "கொடுத்த தேதி தாண்டி ஒரு வாரம் பார்ப்போம், வலி வராவிட்டால் அட்மிட் ஆகுங்கள், ஜெல் வைத்து வலி வர வைக்கலாம்" என்று டாக்டர் சொல்கிறார். அப்படி வர வைக்கும் வலியைத் தாங்க முடியாது, கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பேசாமல் விளக்கெண்ணெய் குடிக்கலாமா? - வாசகி, கரூர்

பதில்: முதலில் விளக்கெண்ணெய். வேண்டாம். பேதியாகி உடம்பில் நீர் வற்றிப்போய், பிரசவத்துக்குத் தெம்பு வேண்டிய நேரத்தில் சோர்ந்து கிடப்பீர்கள்.

உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு சரிதான். 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் வர வைக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதற்கு மேல் நாள் போகப்போக நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறையலாம், பனிக்குட நீர் வற்றலாம், வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்தும் கூடுகிறது. ஆனால் உங்கள் தேதி முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய்த் தேதியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு சில சமயம் ஒரு வாரம், பத்து நாள் தவறிவிடும்.

சரி, அட்மிட் ஆனதும் என்ன நடக்கும்? உள்பரிசோதனை செய்து கர்ப்பப்பை வாய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எல்லாமே இதைப் பொறுத்ததுதான். பக்குவப்படாத கர்ப்பப்பை வாய் மூக்கு நுனி மாதிரி கெட்டியாக, நீளமாக, மூடி இருக்கும். பக்குவப்பட்டது உதடு மாதிரி மெத்தென்று இருக்கும். மெத்தென்று இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். கெட்டியாக இருந்தால் அதை இளக்கவே ஒரு நாள் பிடிக்கலாம். ஜெல் வைப்பது இதற்காகத்தான்.

ஜெல் ஃப்ரிட்ஜில் இருந்து வரும், சில்லென்று இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில், பிறப்புறுப்பு வழியாக வைப்பார்கள். அப்புறம் அரை மணி நேரமாவது படுத்திருக்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் 6 மணி நேரம் கழித்து அடுத்தது. சில இடங்களில் ஜெல்லுக்குப் பதிலாக மிகக் குறைந்த அளவு மிசோப்ரோஸ்டால் மாத்திரை தருவார்கள், அல்லது மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே வைத்து அதன் பலூனில் தண்ணீர் நிரப்பி, குழாயின் மறுமுனையைத் தொடையில் ஒட்டிவிடுவார்கள். வாய் கொஞ்சம் திறந்ததும் பலூன் தானே நழுவி வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் மாதவிலக்கு வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும், விடும். லேசாக ரத்தம் கலந்த சளி போகலாம். சிலருக்கு எதுவுமே தெரியாது. அப்போதுதான் வராந்தாவில் சொந்தக்காரர்கள் "ஜெல் வச்சும் வலி வரலையாமே" என்று கலங்கிப்போய் நிற்பார்கள். வலி வராவிட்டால் ஜெல் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. காலையில் கெட்டியாக இருந்த வாய் சாயங்காலம் இளகியிருந்தால் அது நல்ல முன்னேற்றம். தலைப்பிரசவத்தில் ஜெல் வைத்ததிலிருந்து குழந்தை பிறக்க 24 மணி நேரம் ஆவது சகஜம், இரண்டு நாள் ஆனாலும் அதிசயமில்லை. இதை உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

"ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று நர்ஸ் சொன்னால் ஏறக்குறைய 3 செ.மீ. என்று பொருள். அதன்பின் பனிக்குடத்தை உடைத்துவிட்டு, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பையும் வலியையும் பதிவு செய்வார்கள். 10 நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் வலி வந்தாலோ, துடிப்பு குறைந்தாலோ டிரிப்ஸை நிறுத்திவிடலாம், மருந்தின் வேகம் சீக்கிரமே அடங்கும். இந்தக் கண்காணிப்பு தேவைப்படுவதால்தான் வீட்டில் வைத்து எதையும் முயலக்கூடாது என்கிறேன்.

டிரிப்ஸ் வலி கடுமையாக இருக்கும் என்று வீட்டில் சொன்னது பொய்யில்லை. தானாக வரும் வலி மெல்ல மெல்ல ஏறும், இது வேகமாக ஏறும். அதனால் வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி அங்கே உண்டா, இரவிலும் மயக்க மருத்துவர் கிடைப்பாரா, பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை விடுவார்களா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

"கடைசியில் சிசேரியன்தான்" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், உங்களைப் போலவே சிக்கல் இல்லாத தலைப்பிரசவப் பெண்கள் 6,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 39-வது வாரத்தில் வலி வர வைத்தவர்களில் 100-க்கு சுமார் 19 பேருக்கும், காத்திருந்தவர்களில் சுமார் 22 பேருக்கும் சிசேரியன் ஆனது. ஆனால் அவசரப்படாமல் நேரம் கொடுத்தால்தான் இது நடக்கும். தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்து டிரிப்ஸ் ஓடி 12 மணி நேரமாவது பார்க்காமல் "வலி எடுக்கவில்லை" என்று தோல்வி முத்திரை குத்தக்கூடாது. குழந்தையின் துடிப்பு சரியில்லை என்றால் அது வேறு கதை, அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

இதைப் படிக்கும், ஏற்கெனவே சிசேரியன் ஆன பெண்களுக்கு ஒரு வார்த்தை: பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் இருப்பதால் உங்களுக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது. உங்கள் கணக்கே வேறு, மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கரூர் வாசகிக்கு: இன்னும் நாள் இருக்கிறது, வலி தானாகவே வரலாம். நன்றாகச் சாப்பிடுங்கள், நடங்கள், தூங்குங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, ரத்தம் போனாலோ, பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலோ கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல், நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.