வைத்தியம் தெரிந்தால் போதாதா, கால்நடை மருத்துவ மாணவருக்கு விலங்கு நலம் என்று தனிப் பாடம் எதற்கு?

போதாது. சென்னைத் தெருவோரம் கட்டியிருக்கும் ஒரு பசுவை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கியிருக்கிறது. மாணவர் சரியான அளவில்தான் ஊசி போடுவார். ஆனால் கயிறு ஒரு முழம்தான், மாட்டால் படுக்கவே முடியவில்லை என்பது அவர் கண்ணில் படாவிட்டால் வீக்கம் திரும்ப வரும்.

பண்ணை விலங்குகளின் நலம் பற்றிப் பிரிட்டனில் 1965இல் வந்த பிராம்பெல் அறிக்கை கேட்டதே இதைத்தான்: எழ, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்ய, காலை நீட்ட இடம். விலங்கு நலத்துக்கு அளவுகோலான ஐந்து சுதந்திரங்கள் (பசி தாகம், அசௌகரியம், வலி நோய், பயம் ஆகியவை இல்லாமலிருப்பது, இயல்புப்படி நடந்துகொள்வது) அதிலிருந்து வளர்ந்தவை.

சட்டமும் தெரிய வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டுக் கொண்டுவந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதே குற்றம்.

மனப்பாடம் உதவாது. மாணவரைத் தொழுவத்தில் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். மாட்டைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும். எந்தக் காலில் பாரம் தாங்கவில்லை, ஆள் வந்தால் பின்வாங்குகிறதா, அசைபோடுகிறதா? அப்புறம் ஊசியை எடுக்கட்டும்.