ஐஎஸ்ஓ எறக்கியாச்சு, அப்படியே இன்ஸ்டால் பண்ணலாமா? (நுகர்வோர் கேள்வி-பதில்)

அண்ணே, விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல ஒரு வகையான உபுண்டுவோட ஐஎஸ்ஓவ (இன்ஸ்டால் பண்றதுக்கான முழு ஃபைல்) எறக்குனேன். செக்சம்ல முதல் நாலு எழுத்து சரியா இருக்கு, கடைசில மாறுது. பரவால்லையா?
(உச்சிப்புளி)

அதெப்படி பரவால்லன்னு விட முடியும் தம்பி? செக்சம்ங்கிறது ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறுனாலும் ஃபைல் வேற. அழிச்சுட்டு திரும்ப எறக்கு.

காக்கா, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னு போச்சு, என் பழைய லேப்டாப் 11ஐ ஏத்துக்காது. லினக்ஸ் மிண்ட் எறக்கிட்டேன், கிட்டத்தட்ட 3 ஜிபி, விடிய விடிய ஓடுச்சு. இதுக்கு மேல செக்சமும் பாக்கணுமா? அவங்க சைட்லேர்ந்துதானே எறக்கியிருக்கேன்?
(கீழக்கரை)

"அவங்க சைட்லேர்ந்துதானே"ங்கிற இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஏறிரும். 2016 பிப்ரவரி 20ஆம் தேதி இதே மிண்ட் சைட்டுக்குள்ள புகுந்து 17.3 சின்னமன் எடிஷனோட லிங்கை மாத்தி, திருடன் ரகசியமா உள்ள நுழையப் பின்வாசல் வச்ச ஐஎஸ்ஓவுக்குத் திருப்பி விட்டாய்ங்க, அன்னைக்கு அந்த லிங்க்ல எறக்குன ஆளும் உங்கள மாதிரி அவங்க சைட்லேர்ந்துதான் எறக்குனாரு.

செக்சம் பாக்குறது ரெண்டு நிமிஷ வேலை. விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஃபைல் பேரையும் எஸ்ஹெச்ஏ256ங்கிற செக்சம் வகையையும் குடுத்தா 64 எழுத்து வரும், அத சைட்ல குடுத்ததோட கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாருங்க. நம்ம பக்கம் நெட் விட்டு விட்டு வர்றதுல ஃபைல் பழுதாகியிருந்தா இதுலயே தெரிஞ்சுரும். ஆனா திருடனுக்கு இது பத்தாது. லிங்கை மாத்துனவனுக்கு அதே பக்கத்துல கெடக்குற செக்சமை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குத்தான் செக்சம் ஃபைல் கூடவே ஜிபிஜின்னு முடியிற கையெழுத்து ஃபைல் ஒண்ணு வச்சிருக்காங்க. செக்சமை மாத்தலாம், மிண்ட்காரங்ககிட்ட இருக்க ரகசியச் சாவி இல்லாம அந்தக் கையெழுத்தப் போட முடியாது. அவங்க எல்லாருக்கும் குடுக்குற பொதுச் சாவிய வாங்கி, அதோட ஃபிங்கர்பிரிண்ட (சாவிய அடையாளம் காட்டுற எழுத்து வரிசை) வேற ரெண்டு எடத்துலயும் பாத்துட்டு, ஜிபிஜிங்கிற புரோகிராம்ல சரிபாருங்க. 'குட் சிக்னேச்சர்'னு வரணும். கீழயே 'இந்தச் சாவி நம்பிக்கையானதான்னு தெரியல'ன்னு ஒரு எச்சரிக்கையும் வரும், நீங்க அந்தச் சாவிக்கு சான்று குடுக்காததால வர்றது, பயப்படாதீங்க. மீன் வாங்கும்போது செவுளத் தூக்கிப் பாக்காம வாங்குவீங்களா காக்கா?

கடையில பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டு "ஒரிஜினல் லைசன்ஸ்"னு 1,800 ரூபா வாங்கிட்டாங்க. இப்பத்தான் அது ஃப்ரீன்னு பையன் சொல்றான்.
(தொண்டி)

உங்க மேல தப்பே இல்லம்மா. மிண்ட், டெபியன், உபுண்டு எல்லாமே சும்மா எறக்கிப் போட்டுக்கலாம். போட்டுக் குடுத்த வேலைக்குக் கூலி கேட்டா நியாயம், லைசன்ஸ்னு சொல்லி வாங்குனா அது ஏமாத்து. பில்லுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, முதல்ல கடையில போயி கேளுங்க, மசியலேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்க, அதுக்கும் அசையலேன்னா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், இவ்வளவு சின்னத் தொகைக்கு ஃபீஸ் கெடையாது. இன்னொண்ணு, எங்க எறக்குன ஐஎஸ்ஓவப் போட்டானோ, பையன விட்டு சுத்தமா அழிச்சு புதுசாப் போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் அதுல பேங்க் பக்கம் போகாதீங்க.

செக்சம், கையெழுத்து ரெண்டும் சரி. ஆனா பென் டிரைவ்லேர்ந்து இன்ஸ்டால் பண்ணா பாதியில எரர். 2 டிபி டிரைவ், 349 ரூபா.
(பாம்பன்)

349 ரூபாய்க்கு 2 டிபியா! எங்கிட்டயும் திருவிழாக் கடையில வாங்குன '1 டிபி' ஒண்ணு டிராயர்ல கெடக்கு, உள்ள இருந்தது 8 ஜிபி, மிச்சம் பூரா பொய். உள்ள இருக்க சிப்பு கம்ப்யூட்டர்கிட்ட பெரிய சைஸா சொல்லிக்கும், நெசமான எடம் தீந்ததும் மேல மேல எழுதி பழசக் கெடுக்கும். டிரைவோட நெசமான எடத்தச் சோதிக்க விண்டோஸ்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3ன்னு புரோகிராம் இருக்கு, ரெண்டுல ஒண்ண ஓட்டுனா குட்டு வெளிப்படும். தெரிஞ்ச கடையில பில்லோட 16 ஜிபி ஒண்ணு வாங்கு, போதும்.

டெலிகிராம்ல ஒருத்தர் "பழைய பிசிக்கு சூப்பர் லைட் லினக்ஸ்"னு லிங்க் குடுத்தாரு. செக்சம் இல்ல. போடலாமா?
(மண்டபம்)

யாரு அந்த ஒருத்தர்?

ஆட்டம் என்270 பிராசசர் போட்ட நெட்புக் (குட்டி லேப்டாப்). புது லினக்ஸ் எதுவும் பூட் ஆக மாட்டேங்குது, ஐஎஸ்ஓ எல்லாம் செக் பண்ணியாச்சு.
(ஏர்வாடி)

செக் பண்ணிட்டு எழுதுன உனக்கு ஒரு டீ வாங்கித் தரணும். ஐஎஸ்ஓ மேல குத்தமில்ல, அந்த பிராசசர் பழைய 32 பிட் வகை, புது லினக்ஸ் பெரும்பாலும் 64 பிட்டுக்குத்தான் வருது. 2025ல வந்த டெபியன் 13ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கெடையாது, 12ல இருக்கு. ஐ386னு (32 பிட்டுக்கானது) போட்டத எறக்கு, கூடவே எஸ்ஹெச்ஏ512ங்கிற செக்சம் ஃபைலையும் அதோட கையெழுத்தையும்.