பார்க்க மட்டும் போவது

அன்புள்ள ஐயா,

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அன்று முதல் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 27. ஊர் உரும்பிராய். அப்பா தோட்டம் செய்கிறார், நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். என் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் மூன்று படங்கள் ஒட்டியிருக்கிறேன்: நோர்வேயின் துருவ ஒளி, பெருவின் பழைய மலைநகரம் மச்சு பிச்சு, நேபாளத்தின் அன்னபூர்ணா மலை. மாதம் தவறாமல் கொஞ்சம் சேர்க்கிறேன். அந்தக் காசில் நகை செய்யச் சொல்கிறார் அம்மா. "அங்கே அப்படி என்ன கிடக்கிறது?" என்கிறார் அப்பா. மாமா 35 வருடங்களாக நோர்வேயின் வடக்கில் இருக்கிறார், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். "இங்கே பனியும் இருட்டும்தான், பார்க்க ஒன்றுமில்லை" என்கிறார் அவர். இவ்வளவு இழந்த மண்ணில், காணாமற்போன பிள்ளைகளை இன்னும் தேடும் தாய்மார் நடுவே, நான் இப்படி ஆசைப்படுவது சுயநலமா?

ஒரு வாசகி, உரும்பிராய்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் மாமா பொய் சொல்லவில்லை. எண்பதுகளில் நோர்வேக்குப் போன நம்மவர்களில் பலர் வடகோடியில், ஃபின்மார்க் மாகாணத்துக் கடலோர மீன் தொழிற்சாலைகளில்தான் வேலைக்கு நின்றார்கள். நவம்பர் கடைசியில் அங்கே மறையும் சூரியன் ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு எட்டிப் பார்ப்பதில்லை. விரல் மரத்துப்போக மீன் வெட்டிவிட்டு, ஊரில் என்ன நடக்கிறதென்று தெரியாமல், கடிதம் வராத அறைக்கு நடந்துபோனவர்களின் தலைக்கு மேலேதான் உங்கள் அலுமாரியில் இருக்கும் அந்தப் பச்சை ஒளி அசைந்துகொண்டிருந்தது. சூரியனிலிருந்து வரும் துகள்கள் 100 கிலோமீற்றருக்கும் மேலே ஒட்சிசன் அணுக்களில் மோதுவதால் எழும் ஒளி அது. மாமா நிச்சயம் நிமிர்ந்து பார்த்திருப்பார். 'இதைப் பார்' என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் சொல்வது அந்த வருடங்களைப் பற்றி. வானத்தைப் பற்றி அல்ல.

நம் வீடுகளில் வெளிநாடு என்றால் காணியை ஈடு வைப்பது, ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டுவது, ஆள் போய்ச் சேர்ந்த செய்திக்காகப் படலையைப் பார்த்தபடி இருப்பது. 'வெளிக்கிட்டுவிட்டான்' என்றால் இனி வரமாட்டான் என்றே எடுத்துக்கொண்டோம். என் அண்ணா 1986இல் சுவிஸுக்குப் போனார். சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்து அனுப்பிய அம்மா, சாகும்வரை அவரை மறுபடி காணவில்லை. அண்ணாவின் கடிதங்களில் வரும் முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, யன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிடுவேன். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கின் அருகே பழைய பாடசாலைத் தேசப்படப் புத்தகத்தை விரித்து, முத்திரையில் இருக்கும் மலையையும் ஏரியையும் அதில் தேடுவேன். ஓர் இரவு விளக்குச் சரிந்து சைபீரியா முழுவதும் மண்ணெண்ணெய் பரவியது. தாள் நனைந்து மெலிந்து, பின்பக்கத்துச் சீனா அதனூடாகத் தெரிந்தது. விளக்கைத் தூக்கி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தின்மேல் எனக்கு வந்த ஆசை அந்தக் காலத்துப் பட்டினிக்குள்தான் வந்தது. ஆகவே உங்களுடையதை வசதி வந்தபின் வந்த ஆசை என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

1344இல் உலகம் சுற்றிய பயணி இபுன் பதூதா இந்தத் தீவில் வந்து இறங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மொரோக்கோவின் தஞ்சியரில் பிறந்தவர், 21 வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் போகும் வழியில் காற்று அவரைப் புத்தளம் பக்கம் ஒதுக்கியது. அப்போது அங்கே யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தி இருந்தார், பாரசீகமும் தெரிந்தவர். தயங்காமல் கேள் என்று அரசர் சொன்னபோது, இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து ஆதாமின் பாதத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்கிறார் பதூதா. நாம் சிவனொளிபாதமலை என்று சொல்லும் மலையின் உச்சியில் இருக்கும் பாதம்தான் அது. அரசர் ஒரு பல்லக்கைக் கொடுத்தார். வருடாவருடம் அந்த மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம்முடைய ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூடவே அனுப்பிவைத்தார். பார்க்கவேண்டும் என்பது மட்டுமே ஒருவர் சொன்ன காரணம், அதற்கே பல்லக்குக் கிடைத்தது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எனக்குக் கிடைத்தது வேறு. சில வருடங்களுக்கு முன் ஓர் ஐரோப்பிய நாட்டுக்கு விசா கேட்டேன். ஓய்வூதியப் பத்திரம், காணி உறுதி, வங்கிக் கணக்கு எல்லாம் வைத்தேன். நான் திரும்பிப் போவேன் என்பதில் ஐயமிருப்பதாக ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். அறுபது வயதில், முற்றத்து மாமரத்தைவிட்டு ஒரு மாதம் பிரிந்திருக்க முடியாத என்னைப் பற்றி. கோபம் இன்னும் அடங்கவில்லை.

இனி அப்பாவின் கேள்வி. அங்கே கிடப்பது அவருடைய தோட்டம் என்று சொல்லுங்கள். உரும்பிராய்ச் செம்மண்ணில் விளையும் உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. உருளைக்கிழங்கு முதன்முதலில் பயிரானது பெருவின் அந்தீஸ் மலைகளில். அங்கே இன்றும் ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. அந்த மக்கள் கிழங்கை இரவுப் பனியில் பரப்பி உறையவைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து வருடக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்யும் நம் ஒடியலும் புழுக்கொடியலும் வேறென்ன? மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் கோயிலைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் அந்த மலைச்சரிவில் கல்லடுக்கி, மழைநீர் தேங்காமல் வடிய வழிசெய்து கட்டிய வயற்படிகளை ஒரு தோட்டக்காரரின் மகள் பார்க்கவேண்டும். பார்த்து, அப்பாவுக்கு வந்து சொல்லவேண்டும்.

சுயநலமா என்று கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை, 1990இல் மூடியது, 2002இல் திறந்தபோது நானும் பஸ் ஏறினேன். முறிகண்டியில் எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினோம். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், போரில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். கச்சான் சரையைப் பிரித்து எனக்கும் ஒரு பிடி தந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். நுவரெலியாவுக்கு என்றார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஒருவருமில்லை தம்பி, ஒருக்கால் பார்த்துவிட்டு வரப்போகிறேன்" என்றார். மடியில் ஒரு கம்பளிச் சட்டை, யாரோ கொடுத்தது, கவனமாக மடித்து வைத்திருந்தார். அவருடைய துக்கத்தை அளக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவர் போகக்கூடாது என்று அந்த பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேபாளத்திலிருந்து தொடங்குங்கள். சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால் நமக்கு விமான நிலையத்திலேயே விசா தருவார்கள், வருடத்தின் முதல் 30 நாட்களுக்குக் கட்டணமில்லை. கடவுச்சீட்டில் போய் வந்த முத்திரை விழுந்தால் அடுத்த விண்ணப்பத்துக்கு அது கைகொடுக்கும். பெரு தூரம், அதற்கு ஒரு சீட்டுப் பிடியுங்கள். சீட்டுக் காசென்றால் அம்மா கை வைக்கமாட்டார். நோர்வேக்கு மாமாவை அழைப்புக் கடிதம் தரச் சொல்லுங்கள். துருவ ஒளிக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை காலம். சூரியனே வராத மாதங்களைத் தவிர்த்து மார்ச்சில் போனால் பகலில் கடலையும் பார்க்கலாம். போன பிறகு மாமாவை அந்தப் பழைய தொழிற்சாலைப் பாதைக்கு ஓர் இரவு கூட்டிக்கொண்டு போங்கள். இம்முறை பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

அன்புடன்.