தினமும் இரவு பேக்கப் ஓடுகிறது, அது போதாதா?

கேள்வி கேட்டவர் ஒரு சின்ன நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தினமும் இரவு கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கருவி) பேக்கப், அது இன்னொரு இடத்துக்கும் நகலாகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

போதாது. கடைசியாக எப்போது அந்த ஃபைலை எடுத்து வேறொரு மெஷினில் ஏற்றி, உள்ளே நேற்றைய பதிவு இருக்கிறதா என்று பார்த்தீர்கள்? பார்த்ததே இல்லை என்றால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நான் பட்டதால் சொல்கிறேன்.

2016-ல் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்ன இடத்தில் இருந்தேன். பேக்கப் ஸ்கிரிப்டை எழுதியது நான்தான். டேட்டாபேஸை நகலாக வெளியே எடுக்கும் பிஜி டம்ப் ஓடும், வருவதை பைப் வழியாக (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்கு நேராகக் கொடுப்பது) அமுக்கிச் சுருக்கும் ஜிஜிப்புக்குக் கொடுக்கும், ஃபைலுக்குத் தேதியைப் பெயராக வைத்து வெளியே அனுப்பும், கடைசியில் லாகில் 'முடிந்தது' என்று ஒரு வரி. ஒரு நாள் மதியம், ஒரு பழைய பில்லின் தேதியைத் திருத்தப் போன நண்பர் அப்டேட் கமாண்டில், எந்த பில்லை மாற்ற வேண்டும் என்று சொல்லும் WHERE கண்டிஷனை விட்டுவிட்டார். மொத்த டேபிளிலும் எல்லா பில்லுக்கும் ஒரே தேதி. சரி, நேற்றைய பேக்கப்பை எடுப்போம் என்று ஃபோல்டரைத் திறந்தால், பக்கத்தில் இருந்த ஜூனியர் பையன்தான் முதலில் கவனித்தான்: "அண்ணா, சைஸைப் பாருங்க, எல்லாமே 20-ன்னு காட்டுது."

20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பிடம் கொடுத்து அமுக்கச் சொன்னால் வரும் அளவு அது. நடந்தது இதுதான். மூன்று வாரம் முன்னால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருந்தோம், ஸ்கிரிப்டில் பழையதே இருந்தது. பிஜி டம்ப் உள்ளே நுழைய முடியாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் பைப்பில் கடைசிக் கமாண்ட் ஜெயித்தால் முழு வரியும் ஜெயித்ததாகத்தான் கமாண்டுகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். ஜிஜிப் ஒவ்வொரு இரவும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பிழைச் செய்தியை கிரான் அந்த சர்வரின் ரூட் (நிர்வாகி) கணக்கின் மெயில் பெட்டியில் போட்டு வைத்திருந்தது, அதை நாங்கள் யாரும் திறந்ததே இல்லை. டெஸ்டிங்குக்காக ஒருவர் தன் லேப்டாப்பில் வைத்திருந்த 11 நாள் பழைய நகல்தான் காப்பாற்றியது. மிச்ச 11 நாளுக்கு, ஒவ்வொரு கடையிலும் கணக்குப் பார்ப்பவர்கள் பில் புத்தகத்தைப் புரட்டி ஃபோனில் நம்பரும் தேதியும் வாசிக்க, நாங்கள் ராத்திரி வரை உட்கார்ந்து அடித்தோம்.

சில மாதம் கழித்து, 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் கிட்லேப்.காம் தளம் விழுந்தது. அவர்கள் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் ரெப்ளிகேஷன் (முதன்மை சர்வரின் டேட்டா உடனுக்குடன் நகலாவது) பின்தங்கிவிட்டது, அதன் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒரு பொறியாளர் இரவு நேரத்தில் அழிக்கும் கமாண்டைக் கொடுக்கிறார், ஆனால் அவர் நின்றது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்? பேக்கப் போய்ச் சேர வேண்டிய அமேசானின் எஸ்3 சேமிப்பில் பார்த்தால் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் ஓட்டிய பிஜி டம்ப் 9.2, அதனால் தினமும் தோற்றிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்கள் டிமார்க் என்ற, மெயில் அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் சரிபார்ப்பில் சிக்கி நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுடில் இருக்கும் டிஸ்க் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் டிஸ்க் இருந்தபடியே எடுக்கும் நகல்) டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. வேறு ஒரு சோதனைக்காக 6 மணி நேரம் முன்னால் கையால் எடுத்த ஒரு எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வசதி) ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அதுவும் மெதுவான டிஸ்க்கில் இருந்ததால் நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. கோட் இருக்கும் கிட் ரெப்போக்கள் தப்பின. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் உருவான சுமார் 5000 ப்ராஜெக்ட்களின் பதிவுகள், 5000 கமெண்ட்கள், 700 பயனர் கணக்குகள் போயின.

அவர்கள் இதை மறைக்கவில்லை, மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், கமாண்ட் கொடுத்தவரின் பெயரை அறிக்கையில் போடவில்லை. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பது இதனால்தான்.

இனி உங்கள் சர்வருக்கு வருவோம். பாஷ் ஸ்கிரிப்ட் என்றால் மேலே பைப்ஃபெயில் போடுங்கள், பைப்பில் எந்தக் கமாண்ட் தோற்றாலும் முழு வரியும் தோற்றதாக எடுத்துக்கொள்ளும், இது ஒரு வரி வேலை. அப்புறம், தோற்றால் செய்தி அனுப்பு என்று வைக்காதீர்கள், அந்தச் செய்தியும் தோற்கும். ஜெயித்தால் மட்டும் ஒரு பிங் (சின்ன சிக்னல்) போகட்டும், குறித்த நேரத்துக்குள் பிங் வராவிட்டால் வெளியே இருக்கும் இன்னொரு சர்வர் உங்களை எழுப்பட்டும். ஹெல்த்செக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இதற்காகவே இருக்கிறது, சொந்தமாகவும் நிறுவிக்கொள்ளலாம். அந்த பிங்கையும் பேக்கப் முடிந்ததும் அனுப்பாதீர்கள். பேக்கப்பை ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, கடைசி பில் 24 மணி நேரத்துக்குள் போட்டதுதானா என்று ஒரு க்வெரி ஓட்டி, அது சரியாக வந்த பிறகு அனுப்புங்கள். எங்கள் 20 பைட் ஃபைல் முதல் நாளே மாட்டியிருக்கும்.

ஃபைல்களை பேக்கப் எடுக்க ரெஸ்டிக் நல்ல கருவி, நான் பல வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதன் செக் கமாண்ட் சும்மா ஓட்டினால் கட்டமைப்பை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் டேட்டாவை வாசித்துப் பார்க்க ரீட்-டேட்டா என்று தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்ட் தொலைந்தால் எதையும் மீட்க முடியாது, அதனால் அது அதே சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது.

நாங்கள் முதல் முறை ஒத்திகை பார்த்தபோது மீட்க 5 மணி நேரம் ஆனது. பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும், யூசர்களையும் ரோல்களையும் எடுக்காது, அதற்கு பிஜி டம்ப்ஆல் வேண்டும். இது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டீமில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் எழுதி வைத்த குறிப்பை மட்டும் கொடுத்து மீட்கச் சொல்கிறோம். யாரும் வாய் திறக்கக் கூடாது. போன மாதம் ஒரு பெண் 50 நிமிடத்தில் முடித்தார், நடுவே ஒரே இடத்தில் நின்றார்: குறிப்பில் இருந்த சர்வர் பெயர் பழையது. அன்றே திருத்தினோம்.